பங்கோர் மலையில் கூப்பிட்ட பேர்

ஈப்போ,
11 ஜூன் 2024

தினேஸ்வரிக்கு,

கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள்? இதைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லை. உன் போன் அந்தப் பள்ளத்தில் எங்கோ கிடக்கிறது. தர்மா மச்சான் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். உன் அண்ணி கலா அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். 'தம்பி, இனிமே இதுக்குப் போடாதீங்க, அவரு பார்த்தா நான் இந்த வீட்டுல இருக்க முடியாது' என்று பதில் வந்தது. சுங்காய் வீட்டு வாசலுக்கே வந்தேன், உனக்குச் சொன்னார்களா? கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்திவைத்து, தங்கச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் போலீசைக் கூட்டிக்கொண்டு வா என்றார் உன் தர்மா அண்ணன். அதனால்தான் தபால். கையால் தமிழ் எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போலீசிடம் என்ன சொன்னாய் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. லூமூட் போலீஸ் நிலையத்துக்கு வரச்சொல்லி, விசாரிக்கிற அதிகாரி எதிரே உட்கார வைத்துச் சொன்னார். கீழே விழுந்தது நானாகத்தான், கணவர் தள்ளவில்லை என்று சொன்னாயாம். அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் விழுந்த பிறகு அவர் என்னைத் தேடவில்லை, ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்றும் சொன்னாயாம். அதை இன்னொரு தடவை படித்துக் காட்டுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

நடந்ததை நான் மறைக்கவில்லை. கல்யாண நாளுக்கு என்று பங்கோர் தீவுக்குப் போனோம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மலையுச்சிப் பாறைக்கு நடந்துவிட்டு வரலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் சண்டை. கோபத்தில் நான் முன்னால் போய்விட்டேன். பாறைமேல் ஏறி நின்றேன், உனக்காகக் காத்திருந்தேன், நீ வரவில்லை. இறங்கி வந்தபோது, சரிவில் பிடித்து இறங்கக் கயிறு கட்டியிருக்கிற இடம் வரைக்கும் உன்னைக் காணோம். நீ கோபித்துக்கொண்டு ஹோட்டல் அறைக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். தாப்பாவில் உன் தோழி கல்யாணத்தில் என்ன செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாய் இல்லையா? அதே மாதிரிதான் என்று நினைத்துக் கீழே வந்தேன். அறைக்குப் போய்ப் பார்த்தால் பூட்டு அப்படியே தொங்குகிறது. சாவி என் பையில். அப்போதுதான் நீ இன்னும் மலையில்தான் இருக்கிறாய் என்று உறைத்தது.

அதற்குப் பிறகு ஓடினேன். மலையடிவாரத்துக் கடைக்காரம்மாவின் கணவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். கூப்பிட்டேன். தொண்டை கட்டி ரத்தம் வருகிற மாதிரி எரிகிற வரைக்கும் கூப்பிட்டேன். இதை ஆண்டவர் மேல் ஆணையாக எழுதுகிறேன். கூட வந்தவரும் போலீசிடம் அதையே சொல்லியிருக்கிறார், ஆனால் பள்ளத்தில் கிடந்தவள் சொல்வதைத்தான் நம்புவோம் என்கிறார்கள்.

ஜூலை மூன்றாம் தேதி உன்னை மறுபடி லூமூட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். நீ அங்கே சொல்வதை வைத்துத்தான் என்மேல் கேஸ் போடுவதா என்று முடிவு செய்வார்களாம். கேஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் உன்னைக் கூப்பிடவே இல்லை என்று நீ நம்புகிறாயா? அதை மட்டும் எனக்கு எழுது.

கிளென்

*

சுங்காய்,
16 ஜூன் 2024

கிளெனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கலா அண்ணி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்து, அண்ணன் லோரி எடுத்துக்கொண்டு போன பிறகு கொடுத்தார். என் புருசன் கடிதத்தை நான் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டிய நிலைமை. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

முதல் வரியிலேயே 'தினேஸ்வரிக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. பதினொரு வருசத்தில் அந்தப் பேரை உங்கள் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த அன்றே உங்கள் மம்மி, 'தினேஸ்வரி ரொம்ப நீளமா இருக்கு, டீனான்னு வச்சுக்கலாம்' என்றார். நீங்களும் அன்றிலிருந்து டீனா, டீனாதான். இப்போது திடீரென்று முழுப்பேர் எதற்கு? நான் அவ்வளவு தூரம் போய்விட்டேனா?

சண்டை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். என்ன சண்டை என்று எழுதக் கை வரவில்லையோ? நான் எழுதுகிறேன். பங்கோர் போவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, முதலில் அந்தத் தீவில் இருக்கிற காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொன்னேன். சரி என்றீர்கள். அங்கே போனதும் கோயில் சாயங்காலம், பாறை முதலில் என்றீர்கள். சரி, போகட்டும் என்று வந்தேன். பாதி மலை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டே, 'உன் பேரை ஞானஸ்நான வகுப்புக்குப் பாதர்கிட்ட கொடுத்துட்டேன், மம்மி சந்தோசப்படுவாங்க' என்றீர்கள். டிரைவிங் கிளாசுக்குப் பேர் கொடுத்த மாதிரி சொன்னீர்கள். நான் ஒரு நாளும் உங்கள் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொன்னதில்லை. கிறிஸ்மசுக்கு மம்மியோடு உட்கார்ந்து பலகாரம் சுடுகிறேன். என் சாமியை விடு என்று கேட்க மட்டும் உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அதுவும் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டுச் சொன்னீர்கள்.

அப்போது நானும் என்னென்னவோ சொன்னேன். கோபத்தில் சொன்னது எதுவும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது உங்கள் முதுகுதான். விறுவிறு என்று ஏறிப் போனீர்கள், திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் தனியாக இறங்கினேன். கயிற்றைப் பிடித்து இறங்குகிற இடத்தில் வேர் ஈரமாக இருந்தது. கால் வழுக்கியது மட்டும்தான் தெரியும். அப்புறம் மூங்கிலுக்கும் பெரணிச் செடிக்கும் கீழே கிடந்தேன். காலைப் பார்த்தேன், பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மேலே பாதையிலிருந்து பார்த்தால் என்னைத் தெரியாது. கத்தினேன். பதில் இல்லை. பிறகு வலியில் கத்தவும் முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்கிற வரைக்கும் உங்களுக்காகக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். உங்கள் குரல் வரவில்லை. அதைத்தான் போலீசிடம் சொன்னேன். ஜூலை மூன்றாம் தேதியும் அதையேதான் சொல்வேன்.

அண்ணன் அடிவாரக் கடையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: 'ஒன் புருசன் கடையில உக்காந்து ஐஸ் லீமாவ் குடிச்சிருக்கான். நீ பள்ளத்துல கெடந்தப்போ.' குளிரக் குளிர எலுமிச்சை ஜூஸ் குடித்தீர்களாமே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தினேஸ்வரி

*

ஈப்போ,
20 ஜூன் 2024

இந்தக் கடிதத்துக்குப் பேரே போடவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் குற்றம் என்றால் நான் என்ன செய்ய?

ஐஸ் லீமாவ். ஆமாம், கடையில் உட்கார்ந்தேன். அறைக்குப் போவதற்கு முன்னால். ஒன்று இல்லை, இரண்டு சொன்னேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்று இருந்தேன். உனக்குச் சீனி குறைச்சல் என்றுகூடச் சொன்னேன். உன் அண்ணன் கடைக்காரம்மாவிடம் எத்தனை கிளாஸ் என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே வேண்டாத மச்சான்.

இங்கே என் நிலைமை என்ன என்று ஒருவரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். லூமூட்டுக்குப் போன அன்றே என் போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. வேலையிடத்தில் என்னைத் தனியாக யார் வீட்டுக்கும் ஏர்கோன் மெஷின் கழுவ அனுப்புவதில்லை. கூட ஒரு ஆள் வருகிறான், வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பம் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறது. மம்மி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். ஞானஸ்நானப் பேச்சைத் தொடங்கிவைத்தது அவர்தான் என்பதால், உன் காலை உடைத்ததே தான்தான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். உன்னைக் கேட்காமல் பேர் கொடுத்தது அநியாயம்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். தேட வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போன அடிவாரக் கம்பத்து ஊர்க்காரர்களை நான் பிறகு போய்ப் பார்த்தேன். நீ கிடந்த இடத்தில் ஒருவரை நிற்கச் சொல்லிவிட்டு, நான் முன்பு கூப்பிட்ட இடத்தில் நின்று கத்திப் பார்த்தேன். ஒவ்வொரு சத்தமும் நன்றாகக் கேட்டது என்றார். அப்படியென்றால் உனக்கும் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. உன்னைக் கண்டுபிடித்த ஆள் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. பாராங் கத்தியால் மூங்கிலைத் தட்டித் தட்டி வெட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் நீயாகவே 'இங்க இருக்கேன்' என்று கத்தினாயாம். அவ்வளவு பலம் உனக்கு இருந்திருக்கிறது. யாரோ ஒருத்தர் மூங்கில் வெட்டினால் பதில் கொடுப்பாய். தாலி கட்டின புருசன் கூப்பிட்டால் வாயை மூடிக்கொண்டு கிடப்பாய். அப்படித்தானே?

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் தவிக்க வேண்டும் என்றே நீ சும்மா கிடந்தாய். கொஞ்ச நேரம் அலையட்டும் என்று நினைத்தாய். அது போலீஸ் வரைக்கும் போகும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். இப்போது வாயைத் திறந்தால் உன் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று பார்க்கிறாய். இல்லை என்றால், இல்லை என்று எழுது.

கிளென்

*

சுங்காய்,
25 ஜூன் 2024

கிளெனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உடைந்த காலோடு எறும்பு கடிக்கக் கடிக்கக் கிடந்தவள், புருசனைத் தவிக்க விடுவதற்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தாளாம். நல்லா இருக்கு உங்க நியாயம்.

ஆனால் ஒன்று. நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. போலீசிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் எழுதிய பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலையில் ஒரு குரல் கேட்டது. ஆம்பிளைக் குரல். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அது நீங்கள் இல்லை.

சிரிக்காமல் படியுங்கள். நாங்கள் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்ட இருட்டோடு போவார்கள். அண்ணனும் நானும் லீவு நாளில் பால் வடிகிற மங்கு துடைக்கக் கூடப் போவோம். ரப்பர் காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அப்பாவுக்கு அம்மா எந்த நிரையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் உளிக்கட்டையால் வாளியில் தட்டுவார். அம்மா திருப்பித் தட்டுவார். பேரைச் சொன்னால் காட்டில் இருக்கிற எதுவோ அதைக் கேட்டுக்கொண்டு, பிறகு அதே பேரைச் சொல்லி நம்மைக் கூப்பிடும் என்பார்கள். நமக்குத் தெரிந்த குரலிலேயே கூப்பிடுமாம். ஒரு தடவை கூப்பிடும், இரண்டு தடவை கூப்பிடும், மூன்றாம் தடவை அதற்கு வராது. மூன்று தடவை சேர்ந்தாற்போல் கேட்டால்தான் மனிதன். அதற்கு முன்னால் பதில் கொடுத்தால் அதன் பின்னாலேயே போய்விடுவோம். இதை எனக்குச் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றியது தர்மா அண்ணன்தான். என் காதைப் பிடித்துத் திருகிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

உங்களிடம் ஏன் மலை ஏறும்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தாப்பாவுக்கு மேலே அருவிக்குப் போனபோது ஒரு தடவை சொன்னேன். 'எஸ்டேட் பேய்' என்று சிரித்துவிட்டு, வேண்டுமென்றே மரத்துக்குப் பின்னால் நின்று 'டீனா, டீனா' என்று கத்தினீர்கள். அதோடு நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பள்ளத்தில் கிடக்கும்போது மேலேயிருந்து அந்தக் குரல் 'தினேஸ்வரி' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி 'தினேஸ்வரி' என்றது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. உங்கள் குரல் மாதிரியே இருந்தது. ஒரு கணம் வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது, கிளென் என்னை அப்படிக் கூப்பிட மாட்டார். பதினொரு வருசத்தில் கூப்பிட்டதே இல்லை. என் புருசன் குரலை எடுத்துக்கொண்டது, பேர் மட்டும் அதற்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். கழுத்தில் போட்டிருந்த துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். குரல் வேறு பக்கம் போய் மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டது. பிறகு இன்னும் தூரத்தில் இரண்டு தடவை. ஒரு இடத்திலும் மூன்று இல்லை. அதற்குப் பிறகு மூங்கிலில் கத்தி தட்டுகிற சத்தம் வந்தது. அப்பா வாளியில் தட்டுகிற மாதிரியே இருந்தது. அதற்குத்தான் குரல் கொடுத்தேன்.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முதல் கடிதத்தைப் பிரித்து 'தினேஸ்வரிக்கு' என்று பார்த்ததும் கையிலிருந்து கீழே போட்டுவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் என்று எழுதியது சும்மா. பயம், கிளென். இப்போதும் யாராவது முழுப்பேரைச் சொன்னால் மூன்று தடவை கேட்கிற வரைக்கும் திரும்ப மாட்டேன்.

நீங்கள் 'டீனா' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் மூன்றுக்குக் காத்திருக்க மாட்டேன். நீங்கள் கூப்பிடவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன், அதனால்தான் மறுபடியும் சொல்வேன்.

தினேஸ்வரி

*

ஈப்போ,
29 ஜூன் 2024

தினேஸ்வரிக்கு,

பயப்படாதே. கடிதத்தைக் கீழே போடாதே. எழுதுவது நான்தான்.

அது நான்தான். மலையில் கூப்பிட்டதும் நான்தான்.

சண்டையில் சொன்னது எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. பாதையில், அந்தப் பெரிய மரத்தடியில், தண்ணீர் போத்தலைத் தட்டிவிட்டுச் சொன்னாய்: 'இனிமே என்னை டீனான்னு கூப்பிடாதீங்க. எங்கப்பா சதாசிவம் எனக்குத் தினேஸ்வரின்னு பேரு வச்சாரு. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. இல்லேன்னா கூப்பிடவே வேணாம். டீனான்னா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.' அதற்குப் பிறகுதான் நான் விறுவிறு என்று போனேன். கோபத்தில் மட்டும் இல்லை. நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. பாறைமேல் நின்றபோது தீவுக்கு இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது, மீன்பிடிப் படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. உனக்குக் காட்டத்தான் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன். நான் அதையெல்லாம் சரியாகப் பார்க்கவில்லை. உன் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்குக்குப் பழக்கமே இல்லை. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் ஒரு தடவை படித்ததோடு சரி.

அறையில் பூட்டைப் பார்த்துவிட்டு மலைக்கு ஓடினபோது, வாய் 'டீ' என்று தொடங்கியது. அப்படியே நிறுத்திவிட்டேன். டீனா என்று கூப்பிட்டால் பக்கத்திலேயே இருந்தாலும் வரமாட்டாள், அவ்வளவு கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்ட பேரைச் சொல்லுவோம், அதற்காவது வருவாள் என்று நினைத்தேன். அதனால்தான் தினேஸ்வரி என்று கூப்பிட்டேன். கூட வந்த கடைக்காரம்மாவின் கணவர் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். ஓயாமல் கத்தக்கூடாது, இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும், பிறகு தள்ளிப் போய்க் கூப்பிட வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு. உன் பதில் வரும் என்று காது கொடுத்துத்தான் நின்றேன்.

நீ துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கீழே கிடந்ததாக எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தவிக்கட்டும் என்று நீ சும்மா கிடந்தாய் என்று எழுதினேன். அந்த வரியைக் கிழித்துப் போடு.

பாதரிடம் போய் உன் பேரை எடுத்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் பேர் டீனா இல்லை பாதர் என்றேன். மம்மியிடமும் சொல்லியாயிற்று. கொஞ்சம் அழுதார். பிறகு, இந்த வாரம் காலுக்குக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன சமைத்து அனுப்பலாம் என்று கேட்டார்.

மூன்றாம் தேதி நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்காகப் பொய் சொல் என்று கேட்கவில்லை. நீ கேட்ட குரல் யாருடையது என்று இப்போது தெரிந்துகொண்டு போ, அது போதும். இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று போஸ்லாஜு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தர்மா மச்சான் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை. அவரும் படிக்கட்டும்.

கிளென்

*

சுங்காய்,
4 ஜூலை 2024

கிளெனுக்கு,

உங்கள் போஸ்லாஜு மூன்றாம் தேதி காலையில்தான் வந்தது. நான் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கலா அண்ணி ஓடிவருவதற்குள் அண்ணனே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். உறையில் உங்கள் பேரைப் பார்த்தார். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். பிரிக்காமல் என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பீடோர் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் நான் அதைத் தொடவில்லை. பிறகு பிரித்தேன். 'அது நான்தான்' என்ற இடத்துக்கு வந்ததும் அழுதுவிட்டேன். அண்ணன் வண்டியைச் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தினார். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியும், அவர் எதையும் மெதுவாகத்தான் படிப்பார். முழுவதும் படித்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை, எந்தக் குரல் என்றார். அப்போதுதான் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை வாயில் அடைத்துக்கொண்டதைச் சொன்னேன். மூன்று தடவைக்குக் காத்திருந்ததைச் சொன்னேன்.

அண்ணன் சொன்னார்: 'ஒன்ன காப்பாத்தத்தான் அத சொல்லிக் கொடுத்தேன்.' கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

உங்களை ஒன்று திட்ட வேண்டும். அந்தச் சண்டையில் நான் சொன்னது உண்மைதான். படித்ததும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. பதினொரு வருசம் நான் சொன்ன எதையும் நீங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. கேஸ் அடுப்பை மூடுங்கள் என்றால் மூடமாட்டீர்கள். ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றால் போடுவீர்கள். ஒரே ஒரு நாள் நான் சொன்னதைக் கேட்டு நடந்தீர்கள், அந்த நாள் பார்த்து நான் சாகக் கிடந்தேன். என்ன மனுசன் நீங்க.

போலீஸ் நிலையத்தில் அந்த அதிகாரி என் முன்னால் பழைய வாக்குமூலத்தை வைத்துவிட்டு, மாற்ற ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கணவர் கூப்பிட்டார், எனக்குக் கேட்டது, நான்தான் பதில் கொடுக்கவில்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாராவது மிரட்டினார்களா, வீட்டில் பேசிச் சமாதானமாகிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் பதில் கொடுக்கவில்லை என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. இதைச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார், எல்லாம் பொய் என்று எழுதிவிடுவார், உங்கள்மேல் சந்தேகம் இன்னும் கூடிவிடும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த மலாயில் திக்கித் திணறி, காட்டில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் பதில் கொடுக்கமாட்டார்கள் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டது என்று கேட்டார். இரண்டு, பிறகு இடம் மாறி இரண்டு என்றேன். தன் ஊர் காடு சூழ்ந்த கிரிக் பக்கம் என்றார். நானாக இருந்தாலும் பதில் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். கணவர் தேடவில்லை என்பதற்கு இனி ஆதாரம் இல்லை, கேஸ் மேலே போகாது என்று அண்ணனிடம் சொன்னார். உங்கள் போனை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் எதிர்க் கடைக்குப் போனார். இரண்டு ஐஸ் லீமாவ் வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். 'அவன் கூப்பிட்டிருக்கான்' என்றார். உங்களுக்கு அது மன்னிப்பு மாதிரி கேட்காது. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பேரை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. நாளைக்கு மம்மிக்கு உடம்பு சரியில்லை, அவர் ஆசைக்காக என்று மறுபடி தொடங்கினால் நான் சுங்காய்க்கே வந்துவிடுவேன். இந்தத் தடவை உடைந்த காலோடு இல்லை, நடந்தே வருவேன். என் சாமி என்னோடு இருக்கும், உங்கள் சாமி உங்களோடு இருக்கட்டும். மம்மி சமைத்து அனுப்பினால் சாப்பிடுகிறேன், அதில் எனக்குக் கோபம் இல்லை.

அந்தப் பாறையை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கடல் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் சரியானதும் போக வேண்டும். முதலில் கோயில், பிறகுதான் பாறை. ஏறும்போது நான் முன்னால் போவேன், நீங்கள் பின்னால் வாருங்கள். பேசாமல் வாருங்கள். ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுங்காய்க்கு வாருங்கள். அண்ணன் கேட்டில் நிற்பார். முகம் கொடுத்துப் பேசமாட்டார், ஆனால் கேட்டைத் திறந்துதான் வைத்திருப்பார். நான் உள்ளே இருப்பேன், நீங்கள் வந்தது தெரிந்தாலும் எழுந்து வரமாட்டேன். வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். டீனா என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று இருந்துவிடுவேன். அப்பா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஒரு தடவை போதும்.

தினேஸ்வரி